அண்ணன்மார் கதையும் சினிமா வேஷங்களும்: தங்காள் எங்கே போனாள்?

வாசகர் ஒருவரின் கேள்வி:
உலகத்துக் கதைகள் எல்லாவற்றிலும் ஏழு வேஷம்தான் என்று ஒரு ரஷ்யக்காரர் எப்போதோ எழுதிவிட்டார். கொங்கு நாட்டுப்புறப் பாட்டான அண்ணன்மார் கதையும் அதற்குள் அடக்கம், தமிழ் சினிமாவும் அடக்கம். ஊரையும் பேரையும் மாற்றி அதே ஆட்களைத்தான் நாம் திரும்பத் திரும்பப் பார்த்துக்கொண்டிருக்கிறோம். கொங்குக்காரர்கள் யாராவது மறுக்க முடியுமா?

பிப்ரவரி 6, காலை

நான் மறுக்கிறேன். அந்த ரஷ்யக்காரர் விளாதிமிர் புரோப். 1928-ல் வந்த ஆய்வு அது. அவர் எடுத்துக்கொண்டது 100 ரஷ்ய மாயக்கதைகளை. உலகம் முழுக்க இதுதான் என்று நீட்டியவர்கள் பின்னால் வந்தவர்கள். அவர் சொன்ன ஏழு பேர்: வில்லன், மாயப்பொருள் கொடுப்பவர், உதவியாள், தேடப்படும் இளவரசி (கூடவே அவள் அப்பா), அனுப்பிவைப்பவர், நாயகன், போலி நாயகன்.

ஏழில் பெண்ணுக்கென்று ஒதுக்கியது தேடப்படுகிற இடம் மட்டும். அண்ணன்மார் கதையில் அப்படி ஒருத்தி கிடையாது. அண்ணன்மாரான பொன்னரும் சங்கரும் எந்த இளவரசியையும் தேடிக் கிளம்பவில்லை. கல்யாணம் ஆகியும் பெண்டாட்டியைத் தொடாமல் வாழ்ந்தவர்கள். கதையில் பெரிய வேலை செய்கிற பெண் அவர்கள் தங்கச்சி. அவளை வைக்க அந்த ஏழில் எனக்கு இடம் தெரியவில்லை.

பிப்ரவரி 6, இரவு

தெற்கத்திக்காரர்கள் சிலர் கதையே தெரியாது என்கிறார்கள். சுருக்கமாகச் சொல்கிறேன். பாடுகிறவருக்குப் பாடுகிறவர் மாறும், அதையும் மனதில் வையுங்கள்.

குன்னுடையாக் கவுண்டர் அப்பா அம்மா இல்லாமல் வளர்ந்தவர். பங்காளிகள் சொத்தைப் பிடுங்கித் துரத்துகிறார்கள். ஆடு மாடு மேய்க்கப் போன வீட்டுப் பெண் தாமரையைக் கட்டுகிறார். குழந்தை இல்லை. தாமரை வருஷக்கணக்காகத் தவம் கிடந்து வரம் வாங்கி வருகிறாள். பொன்னர், சங்கர், அருக்காணித் தங்காள் என்று மூன்று பிள்ளைகள். பங்காளிகளுக்குப் பயந்து ஆண்பிள்ளைகள் இரண்டு பேரையும் ஒளித்து வளர்க்கிறார்கள். அவர்கள் வளர்ந்து நிலத்தை மீட்கிறார்கள். காட்டு வேட்டைக்காரர்களான வேட்டுவரோடும் அவர்கள் தலைவன் தலையூர்க் காளியோடும் பகை முற்றுகிறது. கொம்பன் என்ற காட்டுப்பன்றி வயலை அழிக்கிறது, வேட்டை நடக்கிறது, போர் நடக்கிறது. கடைசியில் அண்ணன்மார் தங்கள் வாளிலேயே விழுந்து சாகிறார்கள். தங்காள் தேடி வந்து, பிணங்களுக்கு நடுவில் அழுது, அவர்களை எழுப்புகிறாள். எழுந்தவர்கள் எங்கள் காலம் முடிந்தது என்று சொல்லித் திரும்பப் படுத்துக்கொள்கிறார்கள்.

உடுக்கையடித்துப் பல இரவுகள் பாடுவார்கள். கனடாவைச் சேர்ந்த மானிடவியலாளர் பிரெண்டா பெக் 1965-ல் காங்கேயம் வட்டாரத்தில் இதை முழுசாக ஒலிநாடாவில் பதிவு செய்தார். பிற்காலத்தில் 26 பகுதி அசைபடமாகவும் கொண்டு வந்தார். மணப்பாறை பக்கம் வீரப்பூரில் மாசித் திருவிழா இந்தக் கதைக்குத்தான். வீரப்பூர் கொங்குக்குக் கிழக்கு ஓரம், ஆனால் நம் பக்கத்திலிருந்து வண்டி கட்டிப் போகிற கூட்டம் குறைந்ததே இல்லை.

பிப்ரவரி 9

அண்ணன் தம்பி வேஷத்தைப் பார்ப்போம். பெரியவர் பொறுமை, சின்னவர் கோபம். பொன்னர் விட்டுக்கொடுக்கலாம் என்பார், சங்கர் அதற்குள் வாளை உருவியிருப்பார். இந்தப் பிரிவு சினிமாவில் நன்றாகவே ஒட்டிக்கொண்டது என்று ஒத்துக்கொள்கிறேன். 1965-ல் வந்த ‘எங்க வீட்டுப் பிள்ளை’யில் ஒருவன் கோழை, இன்னொருவன் துணிந்தவன், இரண்டுமே எம்.ஜி.ஆர். 1994-ல் வந்த ‘நாட்டாமை’யில் அண்ணன் தம்பி இருவருமே சரத்குமார். 2011-ல் அண்ணன்மார் கதையையே எடுத்தபோது பிரசாந்துக்கும் இரட்டை வேடம்.

ஒரே முகத்தை இரண்டாகக் காட்டும் ஆசைக்கும் நம் ஊருக்கும் பழைய உறவு உண்டு. 1940-ல் ‘உத்தமபுத்திரன்’ படத்தில் பி.யு. சின்னப்பாவை இரட்டை வேடம் போட வைத்தது சேலம் மாடர்ன் தியேட்டர்ஸ். ஆனால் அங்கே ஒருவன் நல்லவன், ஒருவன் கெட்டவன். அண்ணன்மாரில் இருவரும் நல்லவர்கள், இருவரும் ஒரே நாளில் சாகிறவர்கள். இருவருக்கும் நடுவில் நிற்கிற ஒரே ஆள் தங்கச்சி. பெரியவரிடம் போய்ச் சின்னவரைப் பற்றிப் பேசுவதும் அவள்தான், சின்னவரை அடக்குவதும் அவள்தான். சினிமாவில் அந்த நடு இடத்தில் பெரும்பாலும் ஒரு அம்மாவை உட்கார வைத்துவிடுகிறார்கள்.

பிப்ரவரி 10

ராமன், லட்சுமணன்தானே இது என்று கேட்டவருக்கு: குணத்தில் சரி. ஆனால் அவர்களுக்குத் தங்கச்சி இல்லை. எனக்கு அங்கேயே ஒப்பீடு நின்றுபோகிறது.

பிப்ரவரி 13

தங்கச்சிக்கு வருகிறேன். இதை எழுதத்தான் இத்தனை நாள் சுற்றிக்கொண்டிருந்தேன்.

தாராபுரம் பக்கம் என் அப்புச்சி (அம்மாவின் அப்பா) ஊரில் படுகளம் நடக்கும். கதையில் அண்ணன்மார் விழுகிற கட்டம் வந்ததும் அருள் வந்த ஆண்கள் பொத்துப் பொத்தென்று மண்ணில் விழுவார்கள். வெள்ளைத் துணி போர்த்திவிடுவார்கள். பார்த்துக்கொண்டிருக்கிற பெண்களில் பாதிப் பேர் அழுவார்கள். விழுந்து கிடப்பது யாரோ ஒருவர் இல்லை, சொந்த மாமன், மச்சான், பக்கத்துத் தோட்டத்துக்காரர். சின்ன வயதில் எனக்கு ரொம்பப் பயம், வீட்டுக்குப் போகலாம் என்று முந்தானையைப் பிடித்து இழுப்பேன். அம்மிச்சி விடமாட்டார். “தங்காளு வந்தாத்தான் எந்திரிப்பாங்கோ கண்ணு. அதுக்கு முன்னால நாம போகப்படாது” என்பார். அப்புறம் தங்காளாக நிற்கிற பெண் வந்து தீர்த்தம் தெளிப்பாள். ஒவ்வொருவராக எழுந்திருப்பார்கள். கூட்டம் மொத்தமும் மூச்சு விடும்.

என் வாதம் இந்த இரவிலிருந்து வருகிறது. வாள் வீசுகிறவர்கள், பன்றி வேட்டை, போர் எல்லாம் இருந்தும், ஊர் நின்று பார்ப்பது அவள் வருகையைத்தான். போருக்கு முன்னால் கெட்ட கனவு கண்டு எச்சரிக்கிறவள் அவள். கிளி வேண்டும் என்று கேட்டு வேட்டுவர் காட்டுக்கு அண்ணன்மாரை அனுப்பிப் பகையை மூட்டியவளும் அவள். செத்துக் கிடக்கிற களத்தில் நடந்து போய்த் தேடுகிறவள் அவள். எழுப்புகிறவள் அவள். தொடக்கி வைப்பதும் முடித்து வைப்பதும் ஒரே ஆள் என்றால் கதை யாருடையது?

சினிமா இதில் எதை எடுத்துக்கொண்டது? அழுகையை. ‘பாசமலர்’ 1961-ல் வந்தது, அண்ணனும் தங்கையும் ஒன்றாகச் சாகிறார்கள், தியேட்டரே அழுதது. 1991-ல் ‘சின்னத்தம்பி’யில் மூன்று அண்ணன்கள் ஒரு தங்கச்சியை வீட்டுக்குள் பூட்டிப் பாதுகாக்கிறார்கள். இரண்டையும் நான் ரசித்துப் பார்த்தவள். ஆனால் இரண்டிலும் தங்கச்சி பாதுகாக்கப்பட வேண்டியவள். அவள் யாரையும் எழுப்புவதில்லை.

பிப்ரவரி 14

நேற்று எழுதியதைப் படித்துவிட்டுத் தூக்கம் வரவில்லை. சினிமாத் தங்கச்சி அண்ணன்மார் கதையிலிருந்து தேய்ந்து வந்தவள் என்பது போல அதில் ஒரு தொனி இருக்கிறது. எனக்கு இப்போது அவள் வேறு வீட்டுப் பெண் என்று படுகிறது. நல்லதங்காள் வீட்டுப் பெண்.

நம் பக்கம் அருக்காணித் தங்காளையும் சிலர் நல்லதங்காள் என்றே கூப்பிடுவதால் குழப்பம் வரும். நான் சொல்வது அர்ச்சுனாபுரத்து நல்லதங்காள். பஞ்சம் பிழைக்க ஏழு பிள்ளைகளோடு அண்ணன் வீட்டுக்கு வருகிறாள். அண்ணன் நல்லதம்பி வெளியே போயிருக்கிறான். அண்ணி மூளி அலங்காரி பச்சை விறகும் ஓட்டைப் பானையும் கொடுத்துச் சமைக்கச் சொல்கிறாள். பிள்ளைகளைக் கிணற்றில் போட்டுத் தானும் விழுகிறாள். தமிழ் சினிமாவில் பல தலைமுறையாக ஓடிய தங்கச்சியும் கொடுமைக்கார அண்ணியும் இங்கிருந்துதான் நேராக வந்தார்கள் என்று நினைக்கிறேன். பொறந்த வீட்டை நம்பி வந்து அங்கே தோற்கிறவள்.

ஆக நாட்டுப்புறத்தில் இரண்டு தங்கச்சிகள் இருந்தார்கள். அண்ணன் வராததால் செத்தவள் ஒருத்தி, செத்த அண்ணனைத் தேடிப் போனவள் இன்னொருத்தி. கோடம்பாக்கம் முதலாமவளைக் கூட்டிக்கொண்டு போனது. அழவைப்பது சுலபம் என்பது ஒரு காரணமாக இருக்கலாம். செத்தவர்கள் எழுந்துவிட்டால் படத்தை எப்படி முடிப்பது என்ற தயக்கம் இன்னொரு காரணமாக இருக்கலாம். ஆனால் படுகளத்தில் அவர்கள் எழுந்து, திரும்பவும் போய்விடுகிறார்கள். சோகம் குறைவதே இல்லை, கூடத்தான் செய்கிறது. எழுந்தவர்களைப் பிடித்து நிறுத்த முடியாமல் நிற்கிற தங்கச்சியைவிடப் பெரிய சோகக் காட்சியை எந்தப் படத்தில் பார்த்தீர்கள்?

பிப்ரவரி 17

வில்லன் பற்றிக் கேட்கிறார்கள். முதலில் ஒரு சந்தோஷத் தகவல்: தமிழ் சினிமாவின் பெரிய சிரிப்புக்குச் சொந்தக்காரரான பி.எஸ். வீரப்பா காங்கேயத்தில் பிறந்தவர். 1958-ல் ‘வஞ்சிக்கோட்டை வாலிபன்’ படத்தில் பத்மினியும் வைஜயந்திமாலாவும் ஆடும்போது “சபாஷ், சரியான போட்டி” என்றவர். எங்கள் ஊர்ச் சந்தையில் மாட்டுக்கு விலை ஏறும்போது இன்றைக்கும் யாராவது ஒருவர் அந்தக் குரலில் அதைச் சொல்லிவிடுவார்.

வீரப்பா செய்த ராஜா காலத்து வில்லனுக்கு ஆசை ஒன்று இருக்கும், நாற்காலிக்கோ இளவரசிக்கோ. தலையூர்க் காளி அந்த வகையில் வரமாட்டார். காடு வைத்திருப்பவர்களுக்கும் வயல் போட வந்தவர்களுக்கும் நடக்கிற சண்டையில் அவர் ஒரு பக்கம். பன்றி வயலை அழிக்கிறது என்று உழுகிறவன் பாடுகிறான். பன்றியின் காட்டை யார் அழித்தது என்று வேட்டுவர் கேட்கலாம். காளியைத் தங்கள் வீரனாக வைத்துக் கும்பிடுகிறவர்களும் இதே கொங்கில்தான் இருக்கிறார்கள். அவர்கள் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து கேட்டால் நாயகனும் வில்லனும் இடம் மாறியிருப்பார்கள். கதையைச் சொல்கிறவர் யார் என்பதைப் பொறுத்து ஆளே மாறுகிற வேஷம் இது ஒன்றுதான்.

நான் கேட்டு வளர்ந்த பாட்டில் வேட்டுவர் பக்கமும் ஒரு தங்கச்சி உண்டு. கிளி பிடிபட்டதும் ஜோடிக்கிளி அவளிடம் போய்த்தான் அழும். அவள் தன் அண்ணன்களைக் கிளப்புவாள். எதிர்ப்பக்கத்துக்கும் இதே போல அழுகிற, கோபப்படுகிற ஒரு வீட்டைக் கொடுத்த அந்தப் பாட்டுக்காரர்களை நான் வணங்குகிறேன்.

பிப்ரவரி 18

நாயை மறந்துவிட்டோம்! கொம்பனைக் கொல்ல ஆள் படையும் வேட்டை நாய்ப் படையும் தோற்ற பிறகு, யாரும் மதிக்காத பொன்னாச்சி என்ற சின்னப் பெட்டை நாய் போய்த்தான் பன்றியை மடக்குகிறது. எங்கே கடித்தது என்று பாட்டுக்காரர் சொல்லும்போது கூட்டம் விழுந்து விழுந்து சிரிக்கும்.

உதவியாள் வேஷம் என்று புரோப் சொன்னது இதற்குச் சரியாகப் பொருந்தும். அப்புறம் கோயம்புத்தூர்க்காரர் சாண்டோ சின்னப்பா தேவரை நினைத்துப் பாருங்கள். 1971-ல் இந்தியில் ‘ஹாத்தி மேரே சாத்தி’யில் யானை, 1977-ல் ‘ஆட்டுக்கார அலமேலு’வில் ஆடு. மனுஷன் கைவிட்ட இடத்தில் மிருகம் வந்து நிற்கும். தேவர் பொன்னாச்சியை நினைத்து எடுத்தார் என்று நான் சொல்லவில்லை. பொன்னாச்சிக்குக் கைதட்டின ஊரில் பிறந்தவருக்கு இந்த விஷயத்தில் ஒரு தெளிவு இருந்திருக்கும் என்கிறேன்.

பிப்ரவரி 21

சாம்புகனைப் பற்றி ஏன் எழுதவில்லை என்று கேட்ட தம்பிக்கு. கேட்டது நியாயம்.

சாம்புகன், சாம்பான், வீரபாகு என்று ஊருக்கொரு பேர். அண்ணன்மாரின் வலது கை. ஒடுக்கப்பட்ட சாதியில் பிறந்தவன். முரசு அடிக்கிறவன், காட்டுக்கு முதலில் போகிறவன், கிளியைப் பிடிக்கிறவன், கடைசியில் அவர்களோடு சேர்ந்து சாகிறவன். கோயில்களில் அவனுக்கும் சிலை உண்டு. அது எந்த இடத்தில் நிற்கிறது என்று போய்ப் பாருங்கள்.

இந்த வேஷத்தைச் சினிமா அப்படியே எடுத்துக்கொண்டது. பண்ணையாருக்காக உயிரை விடுகிற வேலைக்காரன், நாயகனுக்கு வந்த கத்தியைத் தன் வயிற்றில் வாங்குகிற நண்பன். 1990களில் கோபி வட்டாரத்தில் எடுத்த கிராமத்துப் படங்களில் துண்டை இடுப்பில் கட்டி, கைகட்டி நின்று, “சொல்லுங்கையா” என்பதோடு அவன் வசனம் முடிந்துவிடும். அவன் சாவு நாயகனுக்குக் கோபம் வர ஒரு காரணம், அவ்வளவுதான். அவனுக்கு ஒரு தங்கச்சி இருந்தாளா, அவள் எங்கே போய் அழுதாள் என்று எந்தப் படமும் காட்டவில்லை. உடுக்கைப் பாட்டில் சாம்புகன் குறைந்தபட்சம் சங்கரோடு வாயாடுவான், யோசனை சொல்வான், தன் பலத்தைப் பற்றிப் பெருமை பேசுவான். படத்தில் அதையும் பிடுங்கிவிட்டார்கள். எனக்கு இது பொறுக்கவில்லை. விசுவாசம் என்று சொல்லி ஒருவனைப் பேசவிடாமல் வைத்திருப்பதைக் கொண்டாட முடியாது.

பிப்ரவரி 22

கைதட்டி வளர்ந்தது நீங்களும்தானே என்று தம்பி எழுதியிருக்கிறார். ஆமாம், நானும்தான். அதனால்தான் எழுதுகிறேன்.

பிப்ரவரி 25

காமெடியன் வேஷம் சினிமாவுக்காகப் புதுசாகச் சேர்த்தது என்று ஒருவர் சொல்கிறார். உடுக்கைப் பாட்டு கேட்டவர் அப்படிச் சொல்லமாட்டார். முன்பாட்டுக்காரர் கதை சொல்லும்போது பக்கத்தில் பின்பாட்டுக்காரர் இருப்பார். “ஆமாங்க”, “அப்பறமுங்க?” என்று தூக்கிவிடுவார். நடுவில் குறுக்குக் கேள்வி போடுவார். “ஏனுங்க, தவத்துக்குப் போன தாமரை சோறு தண்ணிக்கு என்ன பண்ணுனாங்க?” என்பார். நாம் கேட்க நினைப்பதை அவர் கேட்பார். கூத்தில் கட்டியங்காரன் செய்வதும் இதுதான். ராஜா வரும்போது ராஜாவையே நக்கலடிக்கலாம், அவனுக்கு அந்த உரிமை உண்டு.

உடுமலை பக்கம் வல்லகுண்டபுரத்தில் பிறந்த கவுண்டமணியை இந்த வரிசையில்தான் நான் வைப்பேன். நாயகனின் காதலை, ஊர்ப் பெரிய மனுஷனின் மீசையை, படத்தின் சோகத்தையே அவர் வெளியிலிருந்து கேள்வி கேட்பார். பின்பாட்டுக்காரரைக் கதைக்குள் இழுத்துப்போட்டுக் கையில் ஒரு செந்திலையும் கொடுத்தால் எப்படி இருக்குமோ அப்படி. உள்ளே வந்ததில் ஒரு நஷ்டமும் இருக்கிறது. பின்பாட்டுக்காரர் யாரையும் உதைக்க வேண்டியதில்லை. உள்ளே வந்தவருக்கு உதைக்க ஒருவன் தேவைப்பட்டான்.

பிப்ரவரி 28

தங்கச்சிக்கே திரும்புகிறேன், ஏனென்றால் ஒருவர் இப்படி எழுதியிருக்கிறார்: “படுகளம் சாமி காரியம். நிஜ வாழ்க்கையில் கொங்குப் பெண்ணுக்கு அந்த இடம் ஏது?”

சொத்தில் இல்லை, ஊர்ப் பேச்சில் இல்லை, அதில் எனக்குச் சண்டை இல்லை. ஆனால் எங்கள் கல்யாணத்தில் இணைச்சீர் என்று ஒன்று உண்டு. மாப்பிள்ளையின் அக்காவோ தங்கச்சியோ இல்லாமல் அந்தச் சீர் நடக்காது. என் அண்ணன் கல்யாணத்தில் நான்தான் உட்கார்ந்தேன். கூறைச் சேலையின் ஒரு முனை அண்ணனிடம், மறு முனை என்னிடம். அருமைக்காரர் முன்னால் நின்று நடத்துகிறார், குடிமகன் என்று நாங்கள் சொல்லும் நாவிதர் மங்கல வாழ்த்து பாடுகிறார், ஒறம்பரை (சொந்தபந்தம்) மொத்தமும் பார்க்கிறது. பொண்ணு வருவதற்கு முன்னால் அந்த இடத்தில் கூடப்பிறந்தவளை வைத்து ஒரு சீர் செய்கிற சமூகம், தங்காள் எழுப்பினால்தான் எழுவோம் என்று ஒரு கதையையும் வைத்திருப்பதில் ஆச்சரியம் இல்லை. இரண்டும் ஒரே மண்ணில் முளைத்தவை.

அம்மா வேஷத்தைப் பற்றியும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். தாமரை பொறந்த வீட்டில் அவமானப்பட்டவள், மலடி என்ற பேச்சைக் கேட்டவள். சினிமா அம்மாவாக இருந்தால் மூலையில் உட்கார்ந்து அழுது, பிள்ளை வளர்ந்து பழி வாங்கும்வரை காத்திருப்பாள். தாமரை கிளம்பிப் போய்த் தவம் இருந்து கடவுளிடமே கணக்குக் கேட்டாள். அம்மாவும் மகளும் செய்தது ஒரே வேலை, இல்லாத உயிரை வாங்கி வந்தது ஒருத்தி, போன உயிரைத் திரும்ப வாங்கியது இன்னொருத்தி. முன்பே சொல்லியிருக்க வேண்டிய விஷயம் இது. புரோப்பின் ஏழுக்குப் பக்கத்தில் எட்டாவதாக இவர்களுக்கு ஓர் இடம் போடச் சொல்கிறேன்.

மார்ச் 3

சினிமாவில் உதவி இயக்குநராக இருக்கிறேன் என்று சொல்லும் தம்பி, இந்தக் கதையை இன்றைக்கு எடுத்தால் எங்கிருந்து தொடங்கலாம் என்று கேட்கிறார். போர் முடிந்த மறுநாள் காலையிலிருந்து தொடங்குங்கள். தங்காள் களத்துக்கு நடந்து வரட்டும். ஒவ்வொரு துணியாக விலக்கிப் பார்க்கட்டும். விலக்குகிற முகத்துக்கெல்லாம் ஒரு கதை திறக்கட்டும். அண்ணன்மார் முகம் கடைசியில் வரட்டும். அதற்கு முன்னால் சாம்புகன் முகம் வர வேண்டும், அவனுக்கும் அவள் தண்ணீர் தெளிக்க வேண்டும், எழுந்ததும் அவன் வாய் திறந்து பேச வேண்டும். வேட்டுவர் பக்கத்துத் தங்கச்சியும் அதே களத்துக்குத் தன் அண்ணன்களைத் தேடி வருவாள், அவளை விட்டுவிடாதீர்கள். இரண்டு பேரும் நேருக்கு நேர் பார்க்கிற காட்சியை எந்தப் பாட்டுக்காரரும் பாடி நான் கேட்டதில்லை. நீங்கள் எழுதலாம். இரட்டை வேடத்துக்கு நடிகரைத் தேடுவதை அப்புறம் வைத்துக்கொள்ளுங்கள், முதலில் தங்காளுக்கு ஆள் பாருங்கள்.